முடி வளரவும் இல்ல, பாதியிலேயே ஒடியுது. என்ன பண்றதுன்னு தெரியல, உதவி பண்ணுங்க

பெரும்பாக்கம்_மல்லி | மார்ச் 9

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 34. சென்னையில வீடு பெரும்பாக்கத்துல, ஆபீஸ் சோழிங்கநல்லூர்ல, ஸ்கூட்டியில போய் வர்றேன். போன வருஷம் ஜனவரியில தங்கச்சி கல்யாணத்துக்காக ஒரு பார்லர்ல முடியை நேராக்குற ஸ்மூத்தனிங் பண்ணிக்கிட்டேன். அப்ப முடி பாதி முதுகு வரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் இந்த 14 மாசமா கத்திரிக்கோலே படல. இப்ப பார்த்தா தோளைத் தாண்டி நாலு விரல்தான் இருக்கு. பின்னிப் போட்டா நுனி எலிவால் மாதிரி நிக்குது.

நவம்பர்ல டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். பொங்கல் முடிஞ்சதுலேருந்து கொட்டுறதும் சேர்ந்துக்கிச்சு. தலைக்குக் குளிச்சா பாத்ரூம் ஜாலியில பந்து பந்தா அடைச்சுக்குது. போன வாரம் பையன் ஸ்கூல் விட்டு வந்து, "அம்மா, தயிர் சாதத்துல உன் முடி இருந்துச்சு, யாரும் பாக்குறதுக்குள்ள எடுத்துப் போட்டுட்டேன்"னு சொன்னான். ரெண்டாவது படிக்கிற பிள்ளை எனக்காக மறைச்சிருக்கான். அன்னைக்கு ராத்திரி ரொம்ப அழுதேன். இப்ப சமைக்கும்போது தலையில துணி கட்டிக்கிறேன்.

வெங்காய எண்ணெய் ரெண்டு பாட்டில் தீர்த்தாச்சு. முடிக்குன்னு விக்கிற பயோட்டின் வைட்டமின் கம்மீஸ் மூணு மாசமா சாப்பிடுறேன். அரிசி கழுவின தண்ணியும் ஊத்திப் பார்த்துட்டேன். ஹெல்மெட் வேர்வைக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷாம்பு போடுறேன். எங்களுக்கு வர்றது போர் தண்ணியும் லாரித் தண்ணியும் கலந்தது. மாமியார், திருப்பதியில மொட்டை போட்டுட்டா அடர்த்தியா வரும்னு சொல்றாங்க. நானும் சரின்னு சொல்ற நிலைமைக்கு வந்துட்டேன். அதுக்கு முன்னாடி ஷவர் ஃபில்டர் வாங்கிப் பார்க்கலாமா? வேற என்ன பார்க்கணும்? தயவுசெஞ்சு சொல்லுங்க.


ஓஎம்ஆர்_வாசி | மார்ச் 9

தண்ணிதான் காரணம். இந்தப் பக்கம் குடிவந்த எல்லாருக்கும் இதே கதைதான்.


மேடவாக்கம்_செகரட்டரி | மார்ச் 10

சகோதரி, மூணு வருஷம் எங்க அபார்ட்மென்ட் தண்ணி விவகாரத்தை நான்தான் பார்த்தேன். அதனால இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். ஷவர்ல மாட்டுற சின்ன ஃபில்டர் மண்ணு, துரு, குளோரின் வாடையைப் பிடிக்கும். தண்ணியில கரைஞ்சிருக்கிற கால்சியம், மெக்னீசியத்தை அது பெருசா எடுக்காது. கீஸர் காயில்ல வெள்ளையா படியுதே, சோப்பு நுரைக்க மாட்டேங்குதே, அது இந்த ரெண்டாலதான். இதை எடுக்க ரெசின் வச்ச சாஃப்ட்னர் வேணும், அதுக்கு உப்பு போட்டு அடிக்கடி ரீஜெனரேட் பண்ணணும்.

கரைஞ்ச உப்பு மொத்தத்தையும் காட்டுற டிடிஎஸ் மீட்டரை வச்சு முடிவு பண்ணாதீங்க. சாஃப்ட்னர் மாட்டினதுக்கு அப்புறமும் அது கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும், ஏன்னா கால்சியம் போற இடத்துல சோடியம் வந்து உட்கார்ந்துக்குது. எங்க பிளாக்ல இதனாலயே பெரிய சண்டை நடந்துச்சு, ஏமாத்திட்டாங்கன்னு. பார்க்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் எவ்வளவுன்னு. குடிதண்ணிக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியில்லன்னா 600 வரைக்கும். சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் கிடைக்கும், இல்லன்னா லேப்ல கொடுங்க.

ஒண்ணு மட்டும் நிச்சயம் பண்ணுங்க. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணியைச் சேர்த்து வச்சுத் தலைக்கு ஊத்துற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. போர் தண்ணியை விட அதுல உப்பு அதிகம். மாப் போட வச்சுக்கோங்க. மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியத் தண்ணி) கிடைச்சா, கடைசியா அலசுற ரெண்டு மக் மட்டும் அதுல ஊத்துங்க போதும்.

ஆனா கடின தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழ வைக்கும். இவ்வளவு கொட்டுறதுக்கு அது மட்டும் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணல.


மாம்பலம்_அத்தை | மார்ச் 10

மல்லிம்மா, நான் 18 வருஷம் பார்லர்ல வேலை பார்த்தவ. ஃபில்டர், மொட்டை எல்லாத்தையும் ஒரு நாள் தள்ளி வை. முதல்ல ரெண்டு வேலை பண்ணு. காலையில சீப்புல வர்ற முடியை ஒரு வெள்ளைத் துணியில போட்டு ஒவ்வொண்ணா பாரு. ஒரு முனையில குண்டூசித் தலை மாதிரி குட்டியா வெள்ளையா இருந்தா அது வேரோட விழுந்தது. அது இல்லாம குட்டை குட்டையா இருந்தா ஒடிஞ்சது. ரெண்டையும் தனித்தனியா எண்ணு.

ரெண்டாவது, உன் சொந்த முடி சுருளா? ஸ்மூத்தனிங் பண்ண இடம் நேரா இருக்கும், அதுக்கப்புறம் வளர்ந்தது சுருளா இருக்கும். பின்னந்தலையில ஒரு முடியை எடுத்து, வேர்லேருந்து அந்தச் சுருள் முடியுற இடம் வரைக்கும் இழுத்துப் பிடிச்சு ஸ்கேல் வச்சு அளந்து சொல்லு.


பெரும்பாக்கம்_மல்லி | மார்ச் 11

அத்தை, பண்ணேன். பையனோட ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேல்லதான் அளந்தேன். ஆமா, எனக்கு அலை அலையான முடி. அது 16 சென்டிமீட்டர் இருக்கு. அதுக்குக் கீழ நேரான முடி கொஞ்சம்தான், அதுவும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு நீளம்.

துணியில 140க்கு மேல இருந்துச்சு. வெள்ளை முனையோட 90 சொச்சம், ஒடிஞ்சது 50 கிட்ட. இன்னொண்ணு பார்த்தேன். கண்ணாடியைப் பின்னாடி பிடிச்சுப் பார்த்தா, கழுத்துக்கு மேல ரப்பர் பேண்ட் போடுற இடத்துல மட்டும் குட்டை முடி வரிசையா துருத்திக்கிட்டு நிக்குது.


மாம்பலம்_அத்தை | மார்ச் 11

அந்த 16 சென்டிமீட்டரை 14 மாசத்தால வகுத்துப் பாரு. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல வருது. மனுஷ முடி வளர்ற வேகமே அவ்வளவுதான். உன் முடி ஒரு நாள் கூட வளராம நிக்கல, தங்கம். மேல வளர வளர கீழ ஒடிஞ்சு போகுது, அதனால நீளம் தெரியல. வேர் நல்லா வேலை செய்யுது, அதைப் போய் நொந்துக்காத.

ஸ்மூத்தனிங்ல முடிக்குள்ள இருக்கிற கந்தகப் பிணைப்பை மருந்து போட்டு உடைச்சு, அயர்ன் வச்சு நேராக்குவாங்க. அந்த முடி பழைய பலத்துக்குத் திரும்பவே திரும்பாது. வெளிய வந்த முடியில உசிரு கிடையாது, அதை எந்த எண்ணெயும் குணப்படுத்தாது. மேற்கொண்டு ஒடியாம பார்த்துக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா வெட்டி விடலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு. பார்லர்ல இருந்தப்ப இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும்.

முதல்ல அந்த ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடு. காலையில குளிச்சு ஈரத்தோட இறுக்கிக் கட்டி ஹெல்மெட்டுக்குள்ள திணிக்கிறதானே? நீ சொல்லாமலே தெரியுது. ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், அந்த நேரத்துலதான் சுலபமா அறுந்து போகும். நம்ம ஊர் புழுக்கத்துல உள்ள வச்ச ஈரம் மத்தியானம் வரைக்கும் காயாது. தலைக்குக் குளிக்கிறதை ராத்திரிக்கு மாத்து. துண்டால முறுக்காத, ஒத்தி எடு. பெரிய பல்லு சீப்பால நுனியில ஆரம்பிச்சு மேல மேல வா. உச்சியிலேருந்து ஒரே இழுப்பா இழுத்தா சிக்கெல்லாம் கீழ போய் முடிச்சாகி அங்கயே பட்டுனு அறுந்துடும்.

குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சாதா தேங்காய் எண்ணெய் வை, முக்கியமா நீளத்துக்கு. அது முடிக்குள்ள ஊறி, அலசுறப்ப புரதம் வீணாப் போறதைக் குறைக்கும். ஆனா பொடுகு இருந்தா மண்டையில எண்ணெய் ஊற வைக்காத, பொடுகுக்கு அது தீனி. கண்டிஷனர் அவசியம். நுனியில ரெண்டு இன்ச் வெட்டிடு, மனசு கேக்காதுதான், ஆனா வெட்டிடு.

மொட்டை நேர்த்திக்கடன்னா தாராளமா போடு, அது சாமிக்கும் உனக்கும் உள்ளது. அடர்த்திக்காகப் போடாத. வேர் தோலுக்கு அடியில இருக்கு, மேல சிரைக்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது. திரும்ப வர்றப்ப நுனி கூர் இல்லாம மொட்டையா இருக்கும், அதான் தடவுனா அடர்த்தி மாதிரி தோணுது.


லேப்_தோழி | மார்ச் 12

அத்தை ஒடிஞ்ச 50க்கு பதில் சொல்லிட்டாங்க, நான் அந்த 90க்கு வர்றேன். மல்லி, ஒரு நாளைக்கு 50லேருந்து 100 முடி வரைக்கும் எல்லாருக்கும் விழும். ஆனா நீங்க சொன்ன தேதியைப் பாருங்க. நவம்பர்ல டெங்கு, ஜனவரி கடைசியில கொட்டல். கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட், எதுவா இருந்தாலும் உடம்பு அந்த அதிர்ச்சியில நிறைய முடியை ஒரே நேரத்துல ஓய்வுக்கு அனுப்பிடும். அந்த முடிங்க ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் விழும். அதனாலதான் காய்ச்சலை மறந்துட்டு ஷாம்புவைத் திட்டுவோம். இது பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா அடங்கிடும்.

அடங்கணும்னா உடம்புல இரும்புச்சத்து இருக்கணும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தா பத்தாது, ஃபெரிட்டினும் சேர்த்துக் கேளுங்க. அது கையிருப்பு மாதிரி. கூடவே தைராய்டுக்கு டிஎஸ்எச், அப்புறம் பி12, வைட்டமின் டி. மாதவிடாய் அதிகமாப் போகுதான்னும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

ரொம்ப முக்கியமானது: பயோட்டினை நிறுத்திட்டு ரத்தம் கொடுங்க. அதிக அளவு பயோட்டின் தைராய்டு மாதிரி சில டெஸ்ட் முடிவையே தப்பா காட்ட வைக்கும். எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு டாக்டரையோ லேப்பையோ கேளுங்க. பாதிப் பேர் இதை எங்ககிட்ட சொல்றதே இல்ல.

தனியார்ல காசு ஆகும்னு தள்ளிப் போடாதீங்க. சென்ட்ரல் எதிர்ல ஜிஎச்சுல தோல் பிரிவு இருக்கு, கீழ்ப்பாக்கத்துலயும் இருக்கு. காலையிலேயே போய் ஓபி சீட்டு போடணும்.


அண்ணாநகர்_வாசகி | மார்ச் 12

நடுவுல கேக்குறேன், மன்னிச்சுக்கோங்க. எனக்குக் கொட்டவும் இல்ல, ஒடியவும் இல்ல. வகிடு மட்டும் வருஷா வருஷம் அகலமாகுது. அம்மாவுக்கும் இப்படித்தான். இதுக்கும் அயர்ன் மாத்திரையா?


லேப்_தோழி | மார்ச் 12

இது வேற மாதிரி இருக்கு தோழி. பரம்பரையா, நடு வகிட்டுல முடி மெலிஞ்சுக்கிட்டே போற வகையா இருக்கலாம். தானா சரியாகாது, சீக்கிரம் தோல் டாக்டரைப் பாருங்க. மினாக்ஸிடில்ங்கிற மருந்தைத் தடவச் சொன்னா, ஆரம்பத்துல சில வாரம் கூடவே கொட்டும், பயந்து நிறுத்திடாதீங்க. பலன் தெரிய நாலஞ்சு மாசம் ஆகும், விட்டா போயிடும். கர்ப்பமா இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதல்லயே சொல்லிடுங்க. காசு அளவுக்கு வட்டமா வழுக்கை விழுந்தா அது புழுவெட்டு, அதுக்கும் டாக்டர்தான்.


பெரும்பாக்கம்_மல்லி | ஏப்ரல் 6

ரிசல்ட் வந்துடுச்சு. ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 9, ரெண்டுமே கம்மி. தைராய்டு சரியா இருக்கு. டாக்டர் முதல்ல தலையைப் பார்க்கல, "மாசா மாசம் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்?"னு கேட்டாங்க. ஏழு நாள், முதல் மூணு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். ஸ்கேன்ல கர்ப்பப்பையில சின்னக் கட்டி இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்லன்னு மகப்பேறு டாக்டர் அதுக்குத் தனியா மருந்து கொடுத்திருக்காங்க.

அயர்ன் மாத்திரை எழுதியிருக்காங்க. காலையில ஃபில்டர் காபியோட போட்டுக்கிறேன்.


லேப்_தோழி | ஏப்ரல் 6

ஐயோ, காபியோட வேண்டாம் மல்லி! காபியும் டீயும் இரும்பை உடம்புல சேர விடாது. எலுமிச்சை ஜூஸோட போடுங்க, காபிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. ஹீமோகுளோபின் ஏறிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாசம் ஆகும். அசைவம் சாப்பிடுவீங்கன்னா சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிச் சாப்பிடுங்க.


பெரும்பாக்கம்_மல்லி | ஆகஸ்ட் 17

சொல்லாம போகக்கூடாதுன்னு வந்தேன். ஃபெரிட்டின் 38. கொட்டுறது ஜூன்லயே குறைஞ்சிடுச்சு. நெத்தி ஓரத்துல சுண்டு விரல் நீளத்துக்குப் புது முடி எழும்பி நிக்குது, எண்ணெய் வச்சுப் படிய வச்சாலும் படியல. ரெண்டு தடவையா மூணு இன்ச் வெட்டிட்டேன். ஷவர் ஃபில்டர் வாங்கல. செகரட்டரி சார் சொன்ன மாதிரி கடைசி ரெண்டு மக் மெட்ரோ தண்ணி ஊத்துறேன், சிக்கு குறைஞ்சிருக்கு. இன்னைக்குத் துணியில எண்ணினேன் அத்தை. மொத்தம் 46, ஒடிஞ்சது ஏழுதான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஹெல்மெட் உள் துணி உரசி உச்சியில முடி சொரசொரன்னு ஆகுது. காட்டன் கர்ச்சீப் கட்டலாமா?


மாம்பலம்_அத்தை | ஆகஸ்ட் 17

படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சும்மா. காட்டன் வேர்வையை நல்லா இழுக்கும், ஆனா முடியையும் உரசும். வீட்டுல பழைய பட்டுப்பாவாடை இருந்தா ஜரிகை இல்லாத இடமா பார்த்து ஒரு முழம் கிழிச்சு, ஓரம் அடிச்சுக் கட்டிக்கோ. தினமும் அலசிப் போட்டுடு. முடியைத் தளர்வா ஒத்தைப் பின்னல் போட்டுக் கழுத்துக்குக் கீழ விட்டுடு. கொண்டை போட்டு உள்ள வைக்காத, ஹெல்மெட்டும் சரியா உட்காராது.


பெரும்பாக்கம்_மல்லி | ஆகஸ்ட் 18

அம்மா வீட்டுல என் சின்ன வயசு பச்சைப் பாவாடை இருக்கு அத்தை. ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வர்றேன்.