மூடிப்போன லா சால் மிலிட்டரி அகாடமி: 1961 இயர்புக் (ஸ்கூல் வருஷா வருஷம் போடுற மாணவர் போட்டோ புக்) தேடுறேன், உதவி வேணும்

வணக்கம் மக்களே. நியூயார்க் லாங் ஐலண்ட்ல எங்க பக்கத்து வீட்டு பெரியவர் ஓக்டேல்ல இருந்த லா சால் மிலிட்டரி அகாடமில படிச்சவர், 1961 பேட்ச். இப்போ அவருக்கு ஞாபகம் குறைஞ்சுட்டே வருது, ஆனா அந்த ஸ்கூல் பேரேட், யூனிஃபார்ம், பாடம் நடத்தின பிரதர்ஸ் பத்தி மட்டும் கேட்டா முகமே மாறிடும். அவர் பேட்ச் போட்டோ ஒண்ணு கைல கொடுக்கணும்னு ரொம்ப ஆசை.

கிறிஸ்டியன் பிரதர்ஸ்ங்கற கத்தோலிக்க துறவற சபை நடத்துன போர்டிங் ஸ்கூல் அது. சிங்கர் தையல் மெஷின் கம்பெனி தலைவரா இருந்த ஃபிரெட்ரிக் போர்னோட பெரிய பங்களாவுல 1926லேர்ந்து நடந்துச்சு, 2001ல மூடிட்டாங்க. வெள்ளை மாளிகை சீஃப் ஆஃப் ஸ்டாஃபா இருந்த ஜான் சுனுனு இங்க படிச்சவர்தான், நிகரகுவா சர்வாதிகாரி அனஸ்டாசியோ சொமோசா டிபைலேவும்தான். ரெண்டு பேரையும் ஒரே ஸ்கூல் உருவாக்கிருக்குன்னா அதோட ரெக்கார்ட்ஸ் எங்கயாவது பத்திரமா இருக்கணும் இல்லையா?

இதுவரை லோக்கல் லைப்ரரில கேட்டாச்சு, இயர்புக் ஸ்கேன் போடுற சைட், ஈபே எல்லாம் பாத்தாச்சு, வேற வருஷம் கிடைக்குது 1961 மட்டும் இல்ல. காம்பஸ் பிற்பாடு செயின்ட் ஜான்ஸ் யூனிவர்சிட்டி கைக்கு போச்சு, அதனால ஸ்கூல் பேப்பர்ஸ் அங்கயே இருக்கா, பிரதர்ஸ் எடுத்துட்டு போனாங்களான்னு புரியல. பழைய மாணவர் குரூப் ஒண்ணுக்கு மெசேஜ் போட்டேன், பதில் இல்ல.

மூடின கத்தோலிக்க ஸ்கூலோட பழைய இயர்புக், பேட்ச் போட்டோ வாங்கணும்னா நேரா யார்கிட்ட கேக்கணும்?