கட்சி மாறினால் ஆசனம் போகுமா? செந்தில் பாலாஜிக்கு ஒரு சட்டம், நம்ம ஆட்களுக்கு ஒரு சட்டமா?

கடற்கரைவீதி (வெள்ளவத்தை):

வீட்டில் மாமனார் காலையும் மாலையும் தமிழ்நாட்டுச் செய்திதான். பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கும் எல்லாப் பெயரும் பாடம். ஆனால் ஒரு விசயம் பிடிபடவில்லை. கரூர் செந்தில் பாலாஜி 2011இல் ஜெயலலிதா அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சர், பிறகு தினகரன் பக்கம், பிறகு திமுக, 2021இல் ஸ்டாலின் அமைச்சரவையில் மின்சார அமைச்சர். நடுவில் சபாநாயகர் தகுதி நீக்கம் வேறு செய்தார். அப்படி நீக்கப்பட்டவர் எப்படி இவ்வளவு சுளுவாகத் திரும்பி வந்தார்? அங்கே 1985இலேயே கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டதே. இங்கே இலங்கையில் கட்சி மாறிய மட்டக்களப்பு எம்.பி நசீர் அகமட்டுக்கு 2023இல் ஆசனம் போனது, 2024 ஓகஸ்டில் எம்.பிக்கள் ஹரின் பெர்னாண்டோவுக்கும் மனுஷ நாணயக்காரவுக்கும் போனது, அதோடு அந்தப் பாராளுமன்றத்தில் அவர்கள் கதை சரி. மாமனாரைக் கேட்டால் "அங்க எல்லாம் அப்படித்தான்" என்று முடித்துவிடுவார். தெரிந்தவர்கள் விளக்குங்கோ.

புதுக்கடை:

நான் சட்டத்தரணி இல்லை, சட்டத்தரணிகளுக்கு டைப் அடிக்கிறவன், ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: அவரைத் தகுதி நீக்கம் செய்தது திமுகவுக்குப் போனதற்காக இல்லை. 2017 ஓகஸ்டில் தினகரன் பக்கம் நின்ற அதிமுக எம்.எல்.ஏக்கள் 19 பேர் ஆளுநரிடம் போய், முதல்வர் எடப்பாடி பழனிசாமியில் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் மனம் மாறித் திரும்பிப் போய்விட்டார். மிச்சம் 18 பேரையும் செப்டெம்பர் 18ஆம் திகதி சபாநாயகர் தனபால் நீக்கினார். காரணம், கட்சி உறுப்புரிமையைத் தாங்களாகவே விட்டுவிட்டார்களாம். இத்தனைக்கும் அவர்கள் வேறு கட்சியில் சேரவுமில்லை, சபையில் மாறி வாக்களிக்கவுமில்லை. அதே வருடம் பெப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தன் கட்சி அரசுக்கு எதிராகவே வாக்களித்த ஓ.பன்னீர்செல்வம் உட்பட 11 பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை! ஓகஸ்டில் இரண்டு அணியும் ஒன்றாகி அவர் துணை முதல்வராகவும் ஆகிவிட்டார். அங்கே முதல் முடிவு சபாநாயகர் கையில், சபாநாயகர் பெரும்பாலும் ஆளும் கட்சிக்காரர். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

18 பேரும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள், மூன்றாவது நீதிபதியிடம் போய் ஒக்டோபரில் நீக்கம் சரி என்று முடிந்தது. அந்த டிசம்பரில்தான் செந்தில் பாலாஜி திமுகவில் சேர்ந்தார். அப்போது அவரிடம் இழக்க ஆசனமே இல்லை, ஆகவே தாவல் சட்டம் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

இனித்தான் உங்கள் கேள்விக்குப் பதில். அங்கே ஒரு தொகுதி காலியானால் இடைத்தேர்தல். தகுதி நீக்கப்பட்டவரும் அதில் நிற்கலாம். 2016 நவம்பரில் அரவக்குறிச்சியில் இரட்டை இலையில் நின்று திமுகவைத் தோற்கடித்தவர், 2019 மேயில் அதே அரவக்குறிச்சியில் உதயசூரியனில் நின்று வென்றார். அதே ஊர், அதே வாக்காளர், சின்னம்தான் வேறு. 2021இல் கரூருக்குத் திரும்பிப் போய்த் தோற்கடித்தது யாரை? அதிமுகவின் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் விஜயபாஸ்கரை, அதாவது தான் முன்பு இருந்த அதே கதிரையில் இருந்தவரை.

இங்கே ஆசனம் ஆளுக்கு இல்லை, கட்சிப் பட்டியலுக்கு. கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்த பிறகு பாராளுமன்றத்துக்கு இடைத்தேர்தல் என்பதே கிடையாது. நசீர் அகமட் போனார், அதே முஸ்லிம் காங்கிரஸ் பட்டியலில் இருந்த அலி சாஹிர் மௌலானா வந்தார். மட்டக்களப்பு சனத்திடம் யாரும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மட்டுநகரான்:

மட்டக்களப்பு என்று வந்துவிட்டது, சும்மா இருக்க முடியுமா? ஐயா, தாவல் கதையை எங்கள் ஊரில் இருந்து தொடங்க வேண்டும். செல்லையா இராசதுரை 1956இலிருந்து தமிழரசுக் கட்சி, மாநகரத்தின் முதல் மேயர். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்றவர் 1979இல் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். அந்த வருடம் பெப்ரவரியிலேயே அரசியலமைப்பில் இரண்டாம் திருத்தம் கொண்டுவந்து, கட்சியை விட்டவரின் ஆசனம் போகுமா இல்லையா என்பதைப் பாராளுமன்றப் பெரும்பான்மையின் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள். பெரும்பான்மை யாரிடம்? ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் கட்சியிடம். இராசதுரை எங்கள் ஊருக்குச் செய்தது நிறைய, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் எங்கள் அப்பா அதற்குப் பிறகு அவர் பெயரை வீட்டில் எடுத்ததில்லை.

2018 நவம்பரில் எங்கள் எம்.பி வியாழேந்திரன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வென்ற ஆசனத்தோடு மைத்திரி-மஹிந்த பக்கம் போய்ப் பிரதி அமைச்சரானார், ஆசனம் போகவில்லை. 2020இல் மஹிந்த தரப்பின் மொட்டுச் சின்னத்தில் நின்று திரும்பவும் வந்தார். ஆகவே சனம் தண்டிக்கும் என்பதெல்லாம் சும்மா கதை.

கொட்டாஞ்சேனைக்காரன்:

மலையகத்தை விட்டுவிட்டீங்களே. பதுளை எம்.பி அரவிந்தகுமார் எதிரணியில் வென்றுவிட்டு 2020 ஒக்டோபரில் அரசு கொண்டுவந்த இருபதாவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கையைத் தூக்கினார், எங்கள் தமிழ் முற்போக்குக் கூட்டணி எவ்வளவு கத்தியும் 2024 வரை உள்ளேதான் இருந்தார், நடுவில் இராஜாங்க அமைச்சர் பதவியும் கிடைத்தது. அவருக்கு நான் இரண்டாவது விருப்பு வாக்கு (பட்டியலில் பிடித்த ஆளுக்குப் போடுவது) போட்டவன். ஊருக்குப் போய், பஸ் செலவு செய்து, லைனில் நின்று போட்ட வாக்கு. நசீருக்குப் போன ஆசனம் இவருக்கு ஏன் போகவில்லை? அதைச் சொல்லுங்க புதுக்கடை அண்ணன்.

புதுக்கடை:

நல்ல கேள்வி தம்பி. இலங்கை அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரையின்படி, எந்தக் கட்சியின் வேட்புமனுவில் வந்தாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராக இல்லாமல் போனால் ஒரு மாதத்தில் ஆசனம் காலி. கட்சி நீக்கினால் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் (இங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) வழக்குப் போடலாம், நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் தப்பினார். அரவிந்தகுமார் வந்தது ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில். கூட்டணித் தலைவர்கள் கோபித்து என்ன பயன், நீக்க வேண்டியது தொலைபேசிக்காரர். முஸ்லிம் காங்கிரஸ் 2020இல் மட்டக்களப்பில் தனியாக, மரச் சின்னத்தில் நின்றது. அதனால்தான் நசீரை அவர்களே நீக்க முடிந்தது.

நீக்கினாலும் விசாரணை ஒழுங்காக வைக்க வேண்டும். கடிதம் அனுப்பி, விளக்கம் கேட்டு, பதில் சொல்ல நேரம் கொடுத்து. இதில் கோட்டை விட்டால் கட்சி தோற்கும், 2006இல் அமீர் அலி வழக்கில் இதே முஸ்லிம் காங்கிரஸ் தோற்றது. அந்தப் பாடம் 2023இல் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடற்கரைவீதி:

நன்றி அண்ணை, இப்போ விளங்குது. அப்போ செந்தில் பாலாஜி கடைசியில் தப்பிவிட்டாரா?

புதுக்கடை:

எங்கே தப்பினார்? அதிமுக அமைச்சராக இருந்த காலத்தில் போக்குவரத்துத் துறை வேலைக்குப் பணம் வாங்கியதாக எழுந்த குற்றச்சாட்டு, திமுக அமைச்சராக இருந்தபோது 2023 ஜூனில் அவரைக் கைதாக்கியது. 2024 செப்டெம்பரில் பிணை, வந்த கையோடு திரும்ப அமைச்சர். பிணையில் இருக்க வேண்டுமா அமைச்சராக இருக்க வேண்டுமா என்று டில்லியில் உள்ள இந்திய உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் பதவியை விட்டார். கட்சி மாறினாலும் வழக்குக் கட்டு கூடவேதான் வரும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

இங்கே அந்தக் கவலையும் இல்லை. ஆசனம் போன நசீரை 2024 மேயில் வடமேல் மாகாண ஆளுநராக்கினார்கள். அதற்கு விருப்பு வாக்கும் தேவையில்லை.