பிரிகேட் ரோடு போர்த்தூணுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனது தப்பா?

அல்சூர் அருணா:
போன ஞாயிறு ஒன்பது வயது மகனோடு பெங்களூர் பிரிகேட் ரோடு போயிருந்தேன். ரெசிடென்சி ரோடு வந்து சேரும் முனையில், ஆபரா ஹவுஸ் பக்கம் ஒரு கல் தூண் நிற்கிறதே, இருபது வருடமாக அதைத் தாண்டித்தான் போகிறேன். ஆட்டோக்காரரிடம் அடையாளம் சொல்வதோடு சரி. மகன்தான் "அது என்னம்மா, கோயிலா?" என்றான். கிட்டே போய்ப் பார்த்தோம். முதல் உலகப் போரில் இறந்த மெட்ராஸ் பயனியர் படையினருக்கு எழுப்பிய நினைவுத்தூண். அப்புறம் கோளரங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள ராணுவ நினைவிடத்துக்கும் போனோம். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். மகன் தன் பெயர் இருக்கிறதா என்று தேடினான், எனக்குத்தான் திக்கென்றது.

இரண்டு படங்களையும் அபார்ட்மெண்ட் குழுவில் போட்டேன். இரண்டாவது படத்துக்கு எல்லோரும் கைதட்டினார்கள். முதல் படத்துக்கு ஒருவர், "வெள்ளைக்காரன் கல்லுக்கு எதுக்கு மரியாதை?" என்று கேட்டார். மரியாதை எதுவும் செய்யவில்லை, தூறலில் குடை பிடித்துக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். போனது தப்பா?

கோலார் கதிர்:
தப்பில்லை அக்கா. ஆனால் அந்த ஆள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முதல் உலகப் போரில் நம் ஊர்க்காரனுக்கு என்ன வேலை? ஜெர்மன்காரன் கையில் இருந்த துறைமுகத்தைப் பிரிட்டிஷ்காரன் பிடிக்க, இவன் கடல் தாண்டிப் போய்ச் செத்தான். சோறும் சம்பளமும் கிடைக்கும் என்று போனவனைத் தியாகி என்று சொன்னால், அனுப்பியவன் தப்பித்துக்கொள்கிறான்.

இன்னொன்று. 1791இல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் திப்புவிடமிருந்து பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தபோது இறந்த பிரிட்டிஷ் தரப்பினருக்கு, இப்போதைய மாநகராட்சி அலுவலகம் பக்கம் ஒரு நினைவுத்தூண் இருந்தது. 1964இல் இடித்துத் தள்ளினார்கள். அதற்காக இந்த ஊரில் யாராவது அழுதார்களா? பிரிகேட் ரோட்டில் இருப்பது மட்டும் எப்படிப் புனிதமானது?

ஓய்வுபெற்ற தம்பி:
எனக்கு வயது 71. இன்னும் தம்பிதான். ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சிப்பாய்களுக்கு அதுதான் பெயர், பேரன் எடுத்தாலும் மாறாது. 1780இல் தொடங்கிய படை, அல்சூர் ஏரிக்கரையில்தான் எங்கள் மையம். எங்களைப் போலவே மண்வெட்டியும் துப்பாக்கியும் சுமந்த பயனியர் படையை 1933இல் கலைத்துவிட்டார்கள். அதனால் அந்தத் தூணை எங்கள் பங்காளி வீட்டுச் சமாதி மாதிரிதான் பார்ப்போம்.

கதிர் தம்பி, யாருக்காகச் செத்தான் என்ற கேள்விக்கு ஒன்று சொல்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், சுபேதார் சுப்பிரமணியன், எங்கள் சாப்பர். 1944 பிப்ரவரி 24, இத்தாலி. கண்ணிவெடி தேடிப் போன குழுவில் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அது வெடிப்பதற்குள் இவர் போய் அதன் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தில் ராஜா பெயர் இருக்கிறது என்பதற்காக, அவர் ராஜாவை நினைத்துக்கொண்டா விழுந்தார்? பக்கத்தில் நின்றவனை நினைத்து விழுந்தார்.

மடிவாளா மாலதி:
நான் வேறு ஒன்று சொல்கிறேன், இரண்டு கட்சியும் திட்டுங்கள். கோளரங்கப் பக்கத்து நினைவிடத்துக்குப் போன மாதம் போனேன். பெயர்க் கல்லுக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துப் படம். ஒரு ஜோடி பாட்டு ஓடவிட்டு ரீல்ஸ் எடுத்தது. பிள்ளைகளுக்கு டாங்கியையும் பீரங்கியையும் காட்டி "சூப்பரா இருக்கா?" என்று கேட்கும் அப்பாக்கள். போர் என்றால் ஏதோ பெரிய பொம்மை என்று நினைத்துக்கொண்டுதானே அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்? இப்படிப் போவதைவிடப் போகாமல் இருப்பதே மேல்.

ஓய்வுபெற்ற தம்பி:
மாலதி மேடம், என்னோடு பயிற்சியில் இருந்த ஒருவரின் பெயர் அங்கே இருக்கிறது. அவர் மனைவி வருடத்துக்கு ஒரு முறை கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வருவார். எழுத்தைக் கையால் தடவுவார். பிறகு கொண்டு வந்த புளிச்சோற்றை மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பார். பக்கத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். அந்த அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. யாருமே வராத வருடம்தான் (கொரோனா சமயம்) ரொம்பக் கஷ்டப்பட்டார். ரீல்ஸ் எடுப்பவர்களை மட்டும் நீங்கள் தாராளமாகத் திட்டலாம்.

மடிவாளா மாலதி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை சார். டாங்கி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

கல்வெட்டுக் கிறுக்கன்:
தாமதமாக வருகிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதிர் சொல்லும் அந்தத் துறைமுகம் டாங்கா, இன்றைய தான்சானியாவில். 1914 நவம்பரில் கப்பலில் போய் இறங்கிய படையில் மெட்ராஸ் பயனியர்களில் 61ஆவது படைப்பிரிவும் இருந்தது, பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. ஆம், நம் திருநெல்வேலிப் பாளையங்கோட்டைதான். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்தவர்களை இறக்கி நேரே சண்டைக்கு அனுப்பினார்கள். நடுவில் தேனீக்கள் வேறு கலைந்து இரண்டு பக்கத்தையும் கொட்டின. தோற்றார்கள். பழி பெரும்பாலும் சிப்பாய் தலையில் விழுந்தது.

அதற்கு முன்பே தமிழனும் தெலுங்கனும் சண்டைக்கு லாயக்கில்லை என்று ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் முடிவு கட்டியிருந்தார்கள். 'போர்க்குடி' என்றால் பஞ்சாபி, கூர்க்கா. மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். மண்வெட்டியையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சுமக்கும் பயனியர், சாப்பர் வேலைதான் நம் ஆட்களுக்கு மிஞ்சியது. அதில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத சாதிகளிலிருந்து வந்தவர்கள். பூட்ஸ் போட்டு நிமிர்ந்து நடக்கக் கிடைத்த முதல் இடம் அவர்களுக்கு அதுதான். லாயக்கில்லை என்று சொல்லப்பட்டவனுக்கு நகரத்தின் நடுவில் ஒரு கல் நிற்கிறது. அது வெள்ளைக்காரன் கல்தானா?

1964இல் தூணை இடித்ததால் 1791 மறைந்துவிடவும் இல்லை. கோட்டைச் சுவரில், இந்த உடைப்பின் வழியாகத்தான் பிரிட்டிஷ் படை நுழைந்தது என்று சொல்லும் பலகை இன்னும் இருக்கிறது. திப்புவின் பக்கம் நின்று செத்தவர்களுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

எல்லோரும் தவறவிடும் கல் பேகூரில், நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் இருக்கிறது. சுமார் 890ஆம் ஆண்டு, பழைய கன்னட எழுத்து. 'பெங்களூர்ச் சண்டையில்' இறந்த ஒருவனைப் பற்றியது. இந்த ஊரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் கிடைப்பதே போரில் செத்த ஒருவனின் கல்லில்தான்! நம் பக்கம் நடுகல், இவர்கள் பக்கம் வீரகல்லு. ராஜா வைத்தானா, குடியானவன் வைத்தானா என்று கணக்கில்லை. மாடு மீட்கப் போனவனுக்கும் கல் உண்டு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் எஜமானனோடு நின்று திருடர்களைக் கடித்த நாய்க்கும் சேர்த்துக் கல் இருக்கிறது. நாயின் பெயர்கூடக் கல்வெட்டில் உண்டு.

கோலார் கதிர்:
நாயின் பெயர்கூட இருக்கிறது என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், ரொம்ப நன்றி. என் தாத்தாவும் அவர் அப்பாவும் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உள்ளே பாறை வெடிக்கும். வெடித்தால் மேலே ஊரில் வீட்டுப் பாத்திரம் ஆடும், பெண்கள் அப்படியே சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். பாட்டி சொல்லி இருக்கிறார். அங்கே இறந்தவர்களும் வடஆற்காட்டிலிருந்து சோற்றுக்கு வந்தவர்கள்தான், வேலை வாங்கியதும் வெள்ளைக்காரக் கம்பெனிதான். 2001இல் சுரங்கத்தையே மூடியாயிற்று. பிரிகேட் ரோட்டில் அவர்களுக்கு ஒரு கல் காட்டுங்கள், நானும் குடை பிடித்து நிற்கிறேன்.

கல்வெட்டுக் கிறுக்கன்:
அந்தக் கோபம் சரி. ஆனால் உங்கள் தாத்தாவுக்குக் கல் இல்லை என்பதற்காகப் பயனியரின் கல்லைப் பார்க்காமல் போவது எந்தக் கணக்கு? இரண்டு பேரும் ஒரே தாலுகாக்காரர்களாக இருந்திருக்கலாம்.

கோலார் கதிர்:
இருக்கலாம். அதனால்தான் எரிகிறது.

அல்சூர் அருணா:
நான் கேட்டது ஒரு தூண், நீங்கள் ஆப்பிரிக்கா, இத்தாலி, செங்கம் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டீர்கள். மகனிடம் நாய்க் கதையைச் சொன்னேன், இப்போதே எடுத்தனூர் போகணும் என்கிறான். முதலில் பக்கத்தில் இருக்கும் பேகூர். வரும் ஞாயிறு காலை போகிறோம், யார் வருகிறீர்கள்?

கோலார் கதிர்:
பேகூருக்கு வருகிறேன். பிரிகேட் ரோட்டுக்கு வரமாட்டேன், முன்பே சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற தம்பி:
என் காரில் இரண்டு இடம் இருக்கிறது கதிர். ஆனால் திரும்பும்போது பிரிகேட் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தால் நான் பொறுப்பில்லை.