ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விவாதத்துக்கு உதவி வேண்டும்

வணக்கம். கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு ஆராய்ச்சியால் யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு, யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்று பிள்ளைகளே வாதாட வேண்டும். சூத்திரம் மட்டும் படித்தால் போதாது.

எடுத்துக்காட்டு இங்கேயே இருக்கிறது. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று நட்ட சீகை மரம் (வாட்டில்; சீகைக்காய் அல்ல), இம்மலைப் பழங்குடியினரான தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளை மூடிவிட்டது. அப்புறம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், 1907-இல் தொடங்கியது. வெறிநாய்க்கடிக்கு அங்கே முன்பு ஆட்டு மூளைத் திசுவில் தடுப்பூசி செய்தார்கள். அவ்வகை ஊசியால் அரிதாக நரம்புப் பாதிப்பு வரும். பிறகு செல் வளர்ப்பு முறைக்கு, அதாவது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் தடுப்பூசி செய்யும் முறைக்கு மாறினார்கள்.

இவற்றை ஒரே பாடவேளையில் விவாதமாக நடத்தியவர்கள் கேள்வித்தாள் இருந்தால் பகிருங்கள். மதிப்பெண் எப்படிப் போட்டீர்கள்? சீகை அகற்றும் வேலையில் இருப்பவர், தோடர் பெரியவர் யாராவது வகுப்புக்கு வர முடியுமா?