தாத்தாவின் அம்பாசிடர் வண்டி (குடும்பக் குழு)

சனி, காலை 10:12
கார்த்திக்: மாமா, கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் மாட்டிவிட்டேன். கிராங்க் வீல் புள்ளியும் கேம் வீல் புள்ளியும் நேருக்கு நேர் நிற்கின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். கவரை மூடிவிடட்டுமா?

சேகர் மாமா: மூடாதே கார்த்தி. புள்ளி சரியாகத்தான் நிற்கிறது. ஆனால் வீல் புதுசு, செயின் புதுசு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் பழசு. வால்வு எப்போது திறக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு மூடு. சிலிண்டர்களை மூடும் ஹெட் இன்னும் ஏற்றவில்லையே?

கார்த்திக்: இல்லை மாமா. இஞ்சின் பிளாக் மேஜைமேல் இருக்கிறது.

சேகர் மாமா: அப்படியென்றால் வேலை சுலபம். இன்றைக்கே பார்த்துவிடு.

கவிதா அக்கா: வீலில் செயின் ஒரு பல் தவறி மாட்டினால் அவ்வளவு பெரிய விஷயமா மாமா?

சேகர் மாமா: ஆமாம் கவிதா. கேம் ஒரு சுற்றுச் சுற்ற பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கேம் வீலில் 40 பல் என்று வைத்துக்கொள். ஒரு பல்லுக்கு கேமில் 9 டிகிரி, கிராங்க்கில் 18 டிகிரி. அவ்வளவு தாமதமானால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கி வெகுதூரம் வந்த பிறகும், பெட்ரோல் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறந்தே கிடக்கும். இழுத்த பெட்ரோல் காற்றில் ஒரு பங்கு கார்புரேட்டர் பக்கமே திரும்பிப் போகும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். ஏற்காடு ஏறும்போதுதான் தெரியும்.

அம்மா: அப்பா அந்த மலையில் இந்த வண்டியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. பொறுமையாகச் செய் கண்ணா.

காலை 10:40
சேகர் மாமா: பிளைவுட்டில் வட்டம் வெட்டி 360 டிகிரி அச்சடித்த தாளை ஒட்டு. கிராங்க் முனையில் போல்ட் வைத்து முறுக்கு. சட்டை மாட்டும் கம்பியை வளைத்து முள்ளாக வை. முன்பக்கமிருந்து இரண்டாவது புஷ்ராட்தான் (வால்வைத் தள்ளும் கம்பி) 1ஆம் சிலிண்டர் இன்லெட். அதை டேப்பட்டில் (கேம் தூக்கும் கட்டையில்) நிறுத்தி, அதன் மேல் முனையில் நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வை. ஸ்பேனர் போட்டு, இஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்று. தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வா, இல்லாவிட்டால் செயின் தொய்வும் அளவில் சேர்ந்துவிடும்.

கார்த்திக்: எந்த இடத்தில் அளக்க வேண்டும்?

சேகர் மாமா: புஷ்ராட் ஏறி நிற்கும் உச்சியில் அளக்காதே. அங்கே முள் சும்மா நிற்கும், எந்த டிகிரி என்று பிடிபடாது. உச்சிக்கு 1.27 மில்லிமீட்டர் கீழே, ஏறும்போது ஒரு டிகிரி, இறங்கும்போது ஒரு டிகிரி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு.

மாலை 4:25
கார்த்திக்: ஏறும்போது 86, இறங்கும்போது 146. நடுவில் 116. இது சரியா மாமா?

சேகர் மாமா: புத்தகத்தில் இன்லெட் எப்போது திறந்து எப்போது மூடும் என்று இருக்கும், பார்.

கார்த்திக்: டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 5 டிகிரி முன்னால் திறக்கிறது, பிடிசிக்கு (அடியில் நிற்கும் இடம்) 45 டிகிரி பின்னால் மூடுகிறது.

சேகர் மாமா: 180ஐயும் 45ஐயும் கூட்டி 5ஐக் கழித்தால் 220. அதில் பாதி 110. உனக்கு 6 டிகிரி தாமதம்.

கார்த்திக்: ஒரு பல் தவறியிருந்தால் 18 வந்திருக்கும், அதனால் பல் இல்லை. வீலைக் கேமோடு பூட்டும் கேம் சாவி தேய்ந்திருக்குமா? வீலைக் கொஞ்சம் தள்ளிப் பூட்டும் ஆஃப்செட் சாவி கிடைக்கிறது என்றார்கள். வாங்கிவிடவா?

சேகர் மாமா: பொறு. டிடிசி எப்படி எடுத்தாய்?

கார்த்திக்: பிஸ்டன் மேல் ஸ்கேல் வைத்து, மிக உயரமாக இருந்த இடத்தில் சைபர் வைத்தேன்.

சேகர் மாமா: சந்தேகம் அங்கேதான். இந்த 1489 சிசி இஞ்சினில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88.9 மில்லிமீட்டர். இருந்தும் உச்சியிலிருந்து 5 டிகிரி தள்ளினால் பிஸ்டன் கால் மில்லிமீட்டர்கூட இறங்காது. கண்ணுக்கும் ஸ்கேலுக்கும் அது தெரியாது. ஒரு பட்டை இரும்பை 1ஆம் சிலிண்டருக்குக் குறுக்கே ஸ்டட்டில் நட்டுப் போட்டு இறுக்கு. நடுவில் ஒரு போல்ட் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிஸ்டன் அதில் மெதுவாக முட்டும்வரை ஒரு பக்கம் சுற்று, குறித்துக்கொள். மறுபக்கமும் அப்படியே. இரண்டுக்கும் நடுதான் உண்மையான டிடிசி.

கவிதா அக்கா: எங்கள் மாருதி 800-க்கும் இதே கணக்கா மாமா?

சேகர் மாமா: கணக்கு இதேதான். ஆனால் அதில் பெல்ட், கேம் ஹெட்டில் இருக்கிறது. ஹெட்டைச் சீவினால் கேம் கிராங்க்கை நெருங்கி டைமிங் கொஞ்சம் பின்தங்கும். அம்பாசிடரில் கேம் பிளாக்கிலேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மாலை 6:50
கார்த்திக்: மாமா! சைபருக்கு 35 டிகிரி முன்னால் முட்டுகிறது, மறுபக்கம் 45இல் முட்டுகிறது. என் டிடிசிதான் 5 டிகிரி தப்பு.

சேகர் மாமா: டிகிரித் தட்டைத் திருத்திவிட்டு மறுபடி அள.

இரவு 7:30
கார்த்திக்: 81, 141. நடு 111.

சேகர் மாமா: ஒரு டிகிரிதான் வித்தியாசம். இந்த இஞ்சினுக்கு அருமை. சாவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உன் செயின் சரியாகத்தான் இருக்கிறது.

கார்த்திக்: நீங்கள் நிறுத்தாவிட்டால் நாளைக்கே சாவி வாங்கிப் போட்டு, சரியாக இருந்ததைக் கெடுத்திருப்பேன் மாமா. ரொம்ப நன்றி.

அம்மா: இரண்டு பேரும் முதலில் சாப்பிடுங்கள்.

சேகர் மாமா: சரி அக்கா. கார்த்தி, பட்டை இரும்பைக் கழற்றிவிட்டுக் கவரை மூடு. புது ஆயில் சீல் போடு. ஆயில் த்ரோயர் (எண்ணெயை சீலுக்கு வராமல் வீசும் தகடு) எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும்போது எடுத்த படத்தைப் பார்த்துக்கொள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை நான் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் போடலாம். 1ஆம் பிஸ்டனும் 4ஆம் பிஸ்டனும் ஒன்றாகத்தான் மேலே வரும், எது கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் ஏற்றம்) என்று வால்வைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கார்த்திக்: சரி மாமா. ஹெட்டைத் துடைத்துத் தயாராக வைக்கிறேன்.