சரிவுக் காணியில் நாற்பது வீடுகள்: மேடைகளாக வெட்டுவதா, சரிவோடு இறங்குவதா?

கேள்வி

வணக்கம். கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் காணியொன்றில் நாற்பது வீடுகளை வடிவமைப்பது எனது இறுதியாண்டுச் செயற்றிட்டம். சுமார் 135 மீட்டர் அகலமும் 60 மீட்டர் ஆழமும் கொண்ட அக்காணி, வீதியிலிருந்து கீழ்நோக்கி 15 மீட்டர் இறங்குகிறது. ஓர் ஓரத்தில் மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் சிற்றோடை உண்டு. இரண்டு பெரிய மேடைகளை வெட்டி நான்கு மாடித் தொகுதிகளை எழுப்பலாம் என்கிறார்கள் உடன் பயில்பவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசலும் சிறிதளவு மண்ணும் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்த அடர்த்தியில் அது இயலுமா?

பதில் 1

தாராளமாக இயலும். தரைப்படத்தை ஒதுக்கிவைத்து, முதலில் வெட்டுமுகத்தை, அதாவது நிலத்தையும் வீட்டையும் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது போன்ற படத்தை, வரையுங்கள். நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் உங்கள் சரிவில் 12 மீட்டர் ஆழமான வீட்டின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே சரியாக ஒரு மாடி உயரம், அதாவது 3 மீட்டர், கிடைக்கிறது. மேற்புறத்தில் வாசலும் வசிப்பறையும், கீழ்த்தளத்தில் படுக்கையறைகளும் தோட்டமும் அமையட்டும். 20 மீட்டர் இடைவெளியில் மூன்று வரிசைகள் வைத்தால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட 5 மீட்டர் தாழ்ந்திருக்கும். எனவே கீழ்வரிசையின் கூரைக்கு மேலாக எல்லா வசிப்பறைகளுக்கும் பள்ளத்தாக்கு தெரியும். 6 மீட்டர் அகல வீடுகள் என்றால் வரிசைக்கு அதிகபட்சம் 14 வீடுகள், 84 மீட்டரே போதும்; ஓடைக்கரையைத் தொடாமலே விட்டுவிடலாம்.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகருக்கு அருகே அட்டெலியே 5 என்ற கட்டடக் கலைஞர் குழுவினர் வடிவமைத்து 1961இல் நிறைவுற்ற ஹாலன் குடியிருப்பைப் பாருங்கள். குறுகிய வீடுகள் சரிவில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தும், ஒவ்வொன்றுக்கும் தனித் தோட்டம் உண்டு. லண்டன் ஹாம்ஸ்டெட்டில் கேம்டன் மாநகரசபைக்காக கட்டடக் கலைஞர்கள் பென்சனும் ஃபோர்சைத்தும் வடிவமைத்த பிராஞ்ச் ஹில் குடியிருப்பில், கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டின் தோட்டமாகிறது. இரண்டு மாடிக்கு மேற்படாத, இரண்டிரண்டாக ஒட்டிய இணை வீடுகள் மட்டுமே கட்டலாம் என்ற காணி நிபந்தனைக்கு உட்பட்டே அவ்வளவு நெருக்கத்தை அவர்கள் எட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பதில் 2

பொறியியலாளர் என்ற முறையில், வடிவத்துக்கு முன் நீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்டிச் சரிவுகள் பலவற்றில் பாறைக்கு மேல் தளர்ந்த மண்படை கிடக்கிறது. தொடர்மழையில் அதற்குள் நீரழுத்தம் உயரும்போதே அது வழுகுகிறது. பெரிய மேடை வெட்டினால் மேலே செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சுவரும் கீழே புதிதாகக் கொட்டிய மண்ணும் உருவாகின்றன, இரண்டுமே ஆபத்தானவை. ஆகவே மேல் எல்லையில் மேலிருந்து வரும் நீரை மறித்துத் திருப்பும் வடிகால், தாங்கு சுவர்களுக்குப் பின்னால் கல் நிரப்பு, சுவரில் நீர் வெளியேறும் துளைகள் ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே காட்டுங்கள். கீழ்த்தளத்தின் மேட்டுப்பக்கச் சுவர் மண்ணைத் தாங்குவதால் அங்கே குளியலறையையும் களஞ்சிய அறையையும் வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டை கடைசியில் செய்யும் வெறும் சம்பிரதாயமாகக் கருதாமல் தொடக்கத்திலேயே கருத்திற்கொள்ளுங்கள்.

பதில் 3

முதியவர்களையும் நினைவில் கொள்ளுங்கள். வாசல் தளத்திலேயே ஒரு படுக்கையறையும் கழிவறையும் இல்லாவிட்டால், முழங்கால் வலியுள்ளவர் தன் வீட்டுக்குள்ளேயே படியேற வேண்டியிருக்கும். மூன்றாம் வரிசையின் வாசல் வீதியைவிட 10 மீட்டர் தாழ்ந்தது. எட்டுக்கு ஒன்று என்ற சாய்வில் 80 மீட்டர் நீளப் பாதை அமைத்தால் அம்புலன்ஸ் அங்கு வரை இறங்கும். ஓடைக்கு எதிர்ப்புறத்தில் அப்பாதையை வளைத்து இறக்கி, அதிலிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் மட்டமான நடைபாதையைப் பிரியுங்கள்.