ஜெகில்: ஃபில்டர் பிளகின் என் கணினியில் ஓடுகிறது, தளத்தில் ஓடவில்லை

கேள்வி:
என் வலைப்பதிவை ஜெகிலில் (எழுதிய கோப்புகளை இணையதளமாக மாற்றும் கருவி) செய்கிறேன். ஒவ்வொரு பதிவின் மேலேயும் "வாசிக்க 4 நிமிடம்" என்று வருவதற்காக ரூபி மொழியில் ஒரு சின்ன ஃபில்டர் எழுதி பிளகின்ஸ் ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். என் கணினியில் சரியாக வருகிறது. புஷ் செய்து தளம் பில்ட் ஆனபின் பார்த்தால், நிமிடம் வர வேண்டிய இடத்தில் முழுப் பதிவும் அப்படியே கொட்டிக் கிடக்கிறது! எர்ரர் எதுவும் இல்லை. டேக், ஜெனரேட்டர் என்று வேறு வகை பிளகினாக எழுதினால் சரியாகுமா? எது எதற்கு என்றே பிடிபடவில்லை.

பதில் 1:
தளம் இருப்பது கிட்ஹப் பேஜஸிலா (கிட்ஹப்பில் உள்ள கோப்புகளிலிருந்தே தளத்தை வெளியிடும் வசதி)? அப்படியென்றால் வகையை மாற்றிப் பயனில்லை. அதன் வழக்கமான பில்ட் சேஃப் மோடில் ஓடும், அதில் பிளகின்ஸ் ஃபோல்டரை ஜெகில் தொடவே தொடாது, அனுமதிப் பட்டியலில் உள்ள ஜெம்கள் (ரூபி தொகுப்புகள்) மட்டும்தான் ஓடும். எர்ரர் வராததற்குக் காரணம் லிக்விட், அதாவது ஜெகில் பயன்படுத்தும் டெம்ப்ளேட் மொழி. தெரியாத ஃபில்டர் வந்தால் அதைத் தாண்டிவிட்டு, உள்ளே போனதையே வெளியே தள்ளும். டேக்காக இருந்திருந்தால் பில்ட் அங்கேயே நின்றிருக்கும். கான்ஃபிக் கோப்பில் லிக்விட் என்பதன் கீழ் ஸ்ட்ரிக்ட் ஃபில்டர்ஸை ட்ரூ ஆக்கிவிடுங்கள், அடுத்த முறை உடனே தெரிந்துவிடும்.

சொந்த பிளகின் வேண்டும் என்றால், பில்ட் போன்ற வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நீங்களே ஜெகில் பில்ட் ஓட்டி, வருகிற சைட் ஃபோல்டரை வெளியிட வேண்டும். பேஜஸ் செட்டிங்ஸில் சோர்ஸையும் ஆக்‌ஷன்ஸுக்கு மாற்றுங்கள்.

பதில் 2:
இந்த வேலைக்கு பிளகினே வேண்டாம். ஸ்ட்ரிப் ஹெச்டிஎம்எல், நம்பர் ஆஃப் வேர்ட்ஸ், டிவைடட் பை மூன்றும் சேஃப் மோடிலும் கிடைக்கிற ஃபில்டர்கள், குறிகளை நீக்கி, சொற்களை எண்ணி, நிமிடத்துக்கு வாசிக்கும் சொற்களால் வகுக்க வரிசையாகப் போட்டால் போதும். சொற்களை இடைவெளி வைத்து எண்ணுவதால் தமிழுக்கும் சரியாக வரும். முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தை விட்டுவிடும், குட்டிப் பதிவுக்கு 0 நிமிடம் என்று வரும், அதனால் கடைசியில் பிளஸ் 1 சேருங்கள்.

வகைகளைப் பொறுத்தவரை, ஒரு மதிப்பை மாற்றிக் காட்ட ஃபில்டர், பதிவுக்கு நடுவே வீடியோ மாதிரி ஒன்றைச் செருக டேக். மார்க்டவுன் அல்லாத வேறு மார்க்அப் வடிவத்தில் எழுதினால் கன்வர்ட்டர். ஒரு பக்கம் ரெண்டர் ஆனதும் அதில் கை வைக்க ஹுக். ஜெகிலுக்குப் புதுக் கட்டளை சேர்க்கவும் ஒரு வகை உண்டு, அது அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

கேட்டவர்:
நிமிடம் வந்துவிட்டது, ரொம்ப நன்றி! அப்புறம், ஒவ்வொரு பகுப்புக்கும் தனிப் பக்கம் தானாக உருவாக வேண்டும் என்றால்?

பதில் 2:
அதற்குத்தான் ஜெனரேட்டர். ஜெகில் எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்து, ரெண்டர் செய்வதற்கு முன் அது ஓடும், அதனால் இல்லாத பக்கத்தையும் உருவாக்கலாம். இதற்கு மட்டும் ஆக்‌ஷன்ஸுக்குப் போய்விடுங்கள். கோடை மாற்றும்போதெல்லாம் ஜெகில் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள், பிளகின் மாற்றங்களை அது தானாக எடுத்துக்கொள்ளாது.